வாளி தட்டிய சிஸ்டர்களும் 450 டாலர் கோச்சும்

2024 ஏப்ரலில் நடந்த அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து இறுதிப் போட்டியை டிவியில் பார்த்தவர்கள் கிட்டத்தட்ட 1 கோடியே 90 லட்சம் பேர். மறுநாள் நடந்த ஆண்கள் இறுதிப் போட்டிக்கு ஒன்றரைக் கோடி கூடத் தேறவில்லை. அன்றிலிருந்து "பெண்கள் கூடைப்பந்துக்கு இப்போதுதான் விடிந்திருக்கிறது" என்ற ரீதியில் எத்தனையோ பதிவுகள் என் கண்ணில் பட்டுவிட்டன. அந்த இறுதிப் போட்டியில் ஆடிய நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க் எங்கிருந்தோ எறியும் பந்து வளையத்துக்குள் போய் விழுவதை நானும் வாயைப் பிளந்து பார்த்தவள்தான். ஆனால் அந்த "இப்போதுதான்" என்ற வார்த்தைதான் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. அரை நூற்றாண்டுக்கு முன்பே விடிந்த கதை இது. விடியலைக் கொண்டுவந்தவர்கள் அதற்குப்பின் எங்கே போனார்கள் என்பதுதான் யாரும் பேசாத பாதி.

பென்சில்வேனியா மாநிலத்தில், ஃபிலடெல்பியாவுக்கு வெளியே, கன்னியர் சபை ஒன்று நடத்திய சின்னப் பெண்கள் கல்லூரி இம்மாக்குலேட்டா. நம்மூர்க் கத்தோலிக்கர்கள் அமலோற்பவ மாதா என்பார்களே, அந்தப் பெயர்தான். 1967-ல் அங்கிருந்த விளையாட்டுக் கூடம் தீக்கிரையானது. புதிதாகக் கட்டக் காசில்லை. 1970-ல் கேத்தி ரஷ் என்ற 23 வயதுப் பெண் கூடைப்பந்து கோச்சாக வந்து சேர்ந்தபோது அணிக்குச் சொந்த ஆடுகளம் கிடையாது. துறவறப் பயிற்சியில் இருந்த இளம் கன்னியர்களுக்கான கட்டடத்தின் அடித்தளத்தில்தான் பயிற்சி. சீருடையும் கம்பளித் துணியில் மடிப்பு வைத்துத் தைத்த பாவாடை மாதிரியான உடை, உள்ளே பூப்போல உப்பிய கால்சட்டை. அதைப் போட்டுக்கொண்டு ஓடிப் பந்தைப் பிடித்துக் குதித்துப் போட வேண்டும். கோச்சுக்கு ஒரு சீசனுக்குச் சம்பளம் 450 டாலர். மாதத்துக்கு இல்லை, முழு சீசனுக்கும்.

இந்த அணி 1972, 1973, 1974 என்று மூன்று வருடம் தொடர்ந்து தேசிய சாம்பியன். அதற்கடுத்த இரண்டு வருடமும் இறுதிப் போட்டி வரை போனது.

முதல் வருடக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பெண்கள் கல்லூரி விளையாட்டை அப்போது நடத்தியது ஏ.ஐ.ஏ.டபிள்யூ என்ற அமைப்பு. பெரும்பாலும் உடற்கல்வி ஆசிரியைகளே சேர்ந்து உருவாக்கியது. ஆண்கள் கல்லூரி விளையாட்டை நடத்திய என்.சி.ஏ.ஏ. அமைப்பு அப்போது பெண்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 1972 மார்ச்சில் இலினாய் மாநிலத்தில் இந்த அமைப்பு தன் முதல் தேசியப் போட்டியை நடத்தியது. மொத்தம் 16 அணிகள், அதில் இம்மாக்குலேட்டாவின் தரவரிசை 15. அதற்குச் சற்று முன்னால்தான் வட்டாரப் போட்டியில் வெஸ்ட் செஸ்டர் அணியிடம் 32 புள்ளி வித்தியாசத்தில் செமத்தியாக உதை வாங்கியிருந்தார்கள். பயணச் செலவுக்குப் பணமில்லை. டூத்பிரஷ் விற்றுக் காசு சேர்த்தார்கள். சேர்ந்த பணத்தில் 8 பேருக்குத்தான் டிக்கெட் எடுக்க முடிந்தது, அதுவும் விமானத்தில் இடம் மிஞ்சினால் ஏற்றிக்கொள்ளும் ஸ்டாண்ட்பை டிக்கெட். இலினாயில் ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்து, கடைசியில் அதே வெஸ்ட் செஸ்டரிடம் வந்து நின்றார்கள். இந்தத் தடவை 52-48, ஜெயித்தது இம்மாக்குலேட்டா.

கேத்தி ரஷ் படித்த கல்லூரியே வெஸ்ட் செஸ்டர்தான். பெண்களுக்குத் தேசிய அளவில் ஒரு கூடைப்பந்துப் போட்டி வேண்டும் என்று 1969-ல் முதன்முதலாக நடத்திக் காட்டிய கரோல் எக்மனும் அங்கே கோச்சாக இருந்தவர்தான். சொந்தத் தாய்வீட்டை வீழ்த்தித்தான் ரஷ் முதல் பட்டத்தை வாங்கினார்.

இந்தக் கதையை யார் சொன்னாலும் வாளியில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். ரெனே முத் என்ற வீராங்கனையின் அப்பாவுக்கு ஹார்டுவேர் கடை. அவர் தகர வாளிகளையும் தட்டக் குச்சிகளையும் கொண்டுவந்து கொடுக்க, பார்வையாளர் வரிசையில் அங்கி போட்ட சிஸ்டர்கள் அதைத் தட்டோ தட்டென்று தட்டுவார்களாம். எதிரணிக்குக் காது கிழிந்துவிடும். நான் கான்வென்டில் படித்தவள். எங்கள் பள்ளியில் ஒரு சிஸ்டர் மாலையில் அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு எங்களோடு த்ரோபால் ஆட இறங்குவார். பந்து அவர் கையிலிருந்து கிளம்பினால் நாங்கள் விலகி நின்றுகொள்வோம். அதனால் இம்மாக்குலேட்டா சிஸ்டர்களைப் பற்றி முதலில் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. சிரிப்புதான் வந்தது.

சரி, ரசிக்க வேண்டிய கதைதான். ஆனால் 450 டாலர், அடித்தளம், டூத்பிரஷ், வாளி என்று அடுக்கிவிட்டு "பாருங்கள், ஒன்றுமில்லாமலே சாதித்தார்கள்" என்று முடிப்பவர்களிடம் எனக்குச் சண்டை இருக்கிறது. ஒன்றுமில்லாமல் யாரும் எதையும் சாதிப்பதில்லை. அவர்களிடம் என்ன இருந்தது என்பதைப் பார்க்காமல், என்ன இல்லை என்பதையே எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஃபிலடெல்பியாவின் கத்தோலிக்கக் குடும்பங்களில் பெண்பிள்ளைகளும் சிறுவயதிலிருந்தே கூடைப்பந்து ஆடினார்கள். கோயில் பங்குகளுக்கு அணிகள் இருந்தன, கத்தோலிக்கப் பெண்கள் பள்ளிகளுக்குத் தனி லீக் இருந்தது, அதைப் பார்க்கக் கூட்டமும் வந்தது. வாளி தட்டிய சிஸ்டர்களில் பலர் மடத்தில் சேரும் முன் இதே ஆட்டத்தை ஆடியவர்கள். அவர்கள் வெறுமனே பிள்ளைகளை ஆசீர்வதிக்க வந்து உட்கார்ந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், ஆட்டம் தெரிந்த ரசிகைகள். நாட்டின் மற்ற பகுதிகளில் பெண்பிள்ளை வியர்க்க ஓடலாமா என்று விவாதம் நடந்துகொண்டிருந்தபோது இந்த ஊரில் அது ஏற்கெனவே முடிந்துபோன விஷயம். அந்தப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய கல்லூரியாக இம்மாக்குலேட்டா அமைந்தது. அணியின் நட்சத்திரம் தெரசா ஷாங்க் வேறு கல்லூரிக்குப் போக இருந்தவர். வீடு தீப்பிடித்து எரிந்துபோனதால் குடும்பத்தை விட்டுத் தூரம் போக முடியாமல் இங்கே சேர்ந்தார். கல்லூரிக் கூடத்தைத் தின்ற நெருப்பு ஒன்று, இவரை அங்கே கொண்டுவந்த நெருப்பு ஒன்று.

அடுத்தது ஆட்டத்தின் விதி. 1971 வரை அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தில் ஓர் அணிக்கு 6 பேர். அவர்களில் 2 பேர்தான் களம் முழுக்க ஓடலாம், மற்றவர்கள் பாதிக் களத்தைத் தாண்டக் கூடாது. 1890-களில் பெண்களின் "மென்மையை" மனதில் வைத்துக் களத்தைப் பிரித்துக் கொடுத்த வழக்கத்தின் மிச்சம் அது. 1971-ல் அதைத் தூக்கிவிட்டு, ஆண்களைப் போலவே 5 பேர், முழுக் களம் என்று மாற்றினார்கள். அடுத்த மார்ச்சிலேயே ரஷ் பட்டம் வாங்கினார் என்பதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அவருடைய கணவர் எட் ரஷ், ஆண்கள் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் நடுவர். தொழில்முறை ஆட்டத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்த வீடு. ஆண்கள் அணிகளிடம் பார்த்த தடுப்பு முறைகளையும் நகர்வுகளையும் ரஷ் தயங்காமல் தன் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். பெண்பிள்ளைகளுக்கு இது போதும் என்று எந்த இடத்திலும் குறைத்துக்கொள்ளவில்லை. என்னைக் கேட்டால் அந்த 450 டாலர் கோச்சிடம் இருந்த பெரிய சொத்து இதுதான். ஏழு சீசனில் அவருடைய கணக்கு 149 வெற்றி, 15 தோல்வி.

1975 ஜனவரியில் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து முதன்முறையாகத் தேசிய டிவியில் வந்தது. மேரிலாந்தை அவர்கள் ஊரிலேயே வைத்து 80-48 என்று இம்மாக்குலேட்டா துவைத்தெடுத்த ஆட்டம் அது. அடுத்த மாதம் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், அங்கே நடந்த முதல் பெண்கள் கல்லூரி ஆட்டத்தில், குயின்ஸ் கல்லூரியை 65-61 என்று வென்றார்கள். பார்க்க வந்தவர்கள் சுமார் 12,000 பேர். பெண்கள் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள் என்று இன்றும் கேட்பவர்கள் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த மார்ச்சிலேயே சரிவு தெரிய ஆரம்பித்துவிட்டது. இறுதிப் போட்டியில் மிசிசிப்பியின் டெல்டா ஸ்டேட் 90-81 என்று இம்மாக்குலேட்டாவை வீழ்த்தியது. அந்த அணியின் மைய ஆட்டக்காரர் லூசியா ஹாரிஸ், ஆறடி மூன்று அங்குலக் கறுப்பினப் பெண். அடுத்த வருடம் ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாக இடம்பெற்றபோது அதில் முதல் கூடையைப் போட்டவர். 1976 இறுதியிலும் இதே இரண்டு அணிகள்தான், இதே முடிவுதான். 1977-ல் ரஷ் கோச் வேலையை விட்டு விலகினார். வயது 30.

ஏன் விலகினார்? இங்கேதான் எனக்கு இந்தக் கதை கசக்கிறது.

கல்வி நிறுவனங்களில் பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்ற டைட்டில் நைன் சட்டம் 1972 ஜூனில் வந்தது, அதாவது இம்மாக்குலேட்டாவின் முதல் பட்டத்துக்கு மூன்று மாதம் கழித்து. அமெரிக்கப் பெண்கள் விளையாட்டில் அதைவிடப் பெரிய நல்லது நடக்கவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏ.ஐ.ஏ.டபிள்யூ. முதலில் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பையே தடைசெய்து வைத்திருந்தது. ஆண்கள் விளையாட்டைப் பணம் கெடுத்த மாதிரி பெண்கள் விளையாட்டையும் கெடுத்துவிடும் என்ற பயம். 1973-ல் அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள், தடை போனது. போக வேண்டியதுதான். ஆடும் பிள்ளைக்குப் படிப்புச் செலவைக் கொடுப்பது எப்படிக் கெடுதலாகும்? ஆனால் ஸ்காலர்ஷிப் வந்ததும் பெரிய பல்கலைக்கழகங்கள் உள்ளே இறங்கின. பிள்ளைகளை நாடு முழுக்கத் தேடிப் போய் அழைத்துக்கொண்டன. கூடத்தையே திரும்பக் கட்டக் காசில்லாமல் தவித்த கல்லூரி அவர்களோடு எப்படி மல்லுக்கட்டும்? வழி போட்டவர்களால் அந்த வழியில் வண்டி ஓட்ட முடியவில்லை. 1982-ல் என்.சி.ஏ.ஏ. தானே பெண்கள் போட்டியை நடத்த ஆரம்பித்ததும், ஏ.ஐ.ஏ.டபிள்யூ.வும் மூடுவிழா கண்டது.

இன்னொரு கணக்கும் உண்டு. 1972-ல் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் அணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் கோச்சுகள் பெண்கள். பணமும் சம்பளமும் மரியாதையும் வந்த பிறகு அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. 450 டாலர் கொடுத்தபோது யாரும் போட்டிக்கு வரவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அணியின் பிள்ளைகள் அதையும் மீறித்தான் கோச்சுகள் ஆனார்கள். தெரசா ஷாங்க் திருமணத்துக்குப்பின் தெரசா கிரென்ட்ஸ். ரட்கர்ஸ் அணிக்குப் பயிற்சி கொடுத்து 1982-ல் ஏ.ஐ.ஏ.டபிள்யூ.வின் கடைசிப் பட்டத்தை வாங்கினார், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியின் கோச். மரியான் கிராஃபோர்ட் பிறகு மரியான் ஸ்டான்லி. ஓல்டு டொமினியன் அணியோடு 1979, 1980, 1985 என்று மூன்று தேசியப் பட்டம். மூன்றாமவர் வாளிக் கடைக்காரரின் மகள் ரெனே முத், பிறகு ரெனே போர்ட்லண்ட். 27 வருடம் பென் ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் கோச்சாக இருந்தார். தன் அணியில் லெஸ்பியன்களுக்கு இடமில்லை என்பதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தவர். ஜெனிஃபர் ஹாரிஸ் என்ற வீராங்கனை வழக்குத் தொடுத்தார், பல்கலைக்கழகம் போர்ட்லண்டுக்கு 10,000 டாலர் அபராதம் போட்டது, 2007-ல் அவர் பதவி விலகினார். முன்னோடிகள் பற்றி எழுதும் பலரும் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் போய்விடுகிறார்கள். தனக்குத் திறந்த கதவை இன்னொருத்திக்குச் சாத்தியவரும் இதே அணியில் ஆடியவர்தான்.

மரியான் ஸ்டான்லியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 1993-ல் அவர் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணி கோச். அங்கே ஆண்கள் அணி கோச்சாக இருந்த ஜார்ஜ் ராவ்லிங்குக்குக் கொடுக்கும் சம்பளத்தை எனக்கும் கொடுங்கள் என்று கேட்டார். வேலை போனது. வழக்குப் போட்டார், அதிலும் தோற்றார். ஆண்கள் அணி கோச்சுக்கு வேலையும் அழுத்தமும் அதிகம், அந்த அணி கொண்டுவரும் வருமானமும் அதிகம் என்பது எதிர்த்தரப்பு வாதம். பல வருடம் கழித்து பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வுக்குப் போய் 2002-ல் அங்கே சிறந்த கோச் விருது வாங்கினார் என்பது வேறு கதை.

கேத்தி ரஷ்ஷை நெய்ஸ்மித் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் சேர்த்தது 2008-ல். அந்த எழுபதுகளின் அணியை மொத்தமாகச் சேர்த்தது 2014-ல். கிரென்ட்ஸும் ஸ்டான்லியும் 2022-ல், இரண்டு பேரும் ஒரே வருடம்.

முதலில் சொன்ன 2024 இறுதிப் போட்டியில் ஜெயித்தது சவுத் கரோலினா. அதன் கோச் டான் ஸ்டேலியும் ஃபிலடெல்பியாக்காரர்தான். 2025-ல் அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 40 லட்சம் டாலர். "கோச்சுக்கு இவ்வளவா?" என்று அந்தச் செய்தியின் கீழே ஒருவர் வயிறெரிந்திருந்தார். ஸ்டான்லியின் வழக்கைப் பற்றி அங்கே எழுதலாம் என்று உட்கார்ந்தேன், அது நீண்டு இந்தப் பதிவாகிவிட்டது.