எக்ஸ் ஃபைல்ஸைத் தாங்கிப் பிடித்தது ஸ்கல்லியின் சந்தேகம்தான்

எக்ஸ் ஃபைல்ஸ் டிவி தொடரைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் அதன் நாயகன், எஃப்பிஐ அதிகாரி மல்டரில்தான் ஆரம்பிப்பார்கள். அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐயின் கட்டடத்தில், கீழ்த்தளத்தில் இருக்கும் அந்த அறை, சுவரில் பறக்கும் தட்டு போஸ்டர், எட்டு வயதில் காணாமல் போன தங்கை சமந்தா, அவளைத் தேடியே கழியும் வாழ்க்கை. எனக்கும் மல்டரைப் பிடிக்கும். ஆனால் அந்தத் தொடரை இத்தனை வருஷம் தாங்கிப் பிடித்தது அவரோடு வேலை செய்யும் டேனா ஸ்கல்லியின் சந்தேகம்தான் என்று அடித்துச் சொல்வேன். அதற்கு மதிப்பு இருந்த வரைக்கும் தொடர் பிரமாதமாக இருந்தது. அதைக் கைவிட்ட இடத்தில்தான் சறுக்கியது. (கதையின் முடிச்சுகள் சிலவற்றை அவிழ்த்துத்தான் பேசப் போகிறேன். இனிமேல்தான் பார்க்கப் போகிறோம் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.)

1993 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் சேனலில் தொடங்கி 2002 வரை ஒன்பது சீசன், பிறகு 2016இலும் 2018இலும் இரண்டு சீசன், மொத்தம் 218 எபிசோடுகள். நடுவில் இரண்டு திரைப்படங்கள் வேறு. உருவாக்கியவர் கிறிஸ் கார்ட்டர். விளக்க முடியாத வழக்குகளைத் துரத்தும் மல்டரின் வேலையை அறிவியல் கண்ணோடு சோதித்து அறிக்கை கொடுக்க மேலிடம் ஒரு டாக்டரை அனுப்புகிறது. அவர்தான் ஸ்கல்லி. நம்புகிறவர் ஆண், ஆதாரம் கேட்கிறவர் பெண். அன்றைக்கு டிவியில் வழக்கமாக இருந்ததற்கு நேர்மாறான அமைப்பு இது. கார்ட்டர் வேண்டுமென்றேதான் அப்படி வைத்தார்.

பேய், பிசாசு, வேற்றுக்கிரகவாசி என்று எதை வேண்டுமானாலும் திரையில் காட்டிவிடலாம். அதை யார் பார்க்கிறார், பார்த்ததால் அவருக்கு என்ன நஷ்டம் என்பதில்தான் கதை இருக்கிறது. மல்டருக்குப் புதிதாக ஒரு அமானுஷ்யம் கிடைத்தால் அவர் பையில் இன்னொரு சான்று சேரும், அவ்வளவுதான். ஸ்கல்லிக்குக் கிடைத்தால் அவர் படித்த படிப்பு, செய்த பிரேதப் பரிசோதனைகள், கழுத்தில் போட்டிருக்கும் சிலுவை எல்லாமே ஆட்டம் காணும்.

முதல் சீசனிலேயே இதைப் புரிந்துகொண்டு எழுதப்பட்ட எபிசோட் ‘பியாண்ட் த ஸீ’. 1994 ஜனவரியில் வந்தது, எழுதியவர்கள் க்ளென் மார்கனும் ஜேம்ஸ் வாங்கும். ஸ்கல்லியின் அப்பா கடற்படை கேப்டன். மகள் மருத்துவத்தை விட்டுவிட்டு எஃப்பிஐக்குப் போனது அவருக்குப் பிடிக்கவில்லை. ஓர் இரவு ஸ்கல்லி சோபாவில் தூங்கிப்போகிறார். கண் விழித்தால் எதிர் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. அதே நேரம் போன் அடிக்கிறது. அம்மா பேசுகிறார். அப்பா மாரடைப்பில் போய்விட்டார். ஸ்கல்லி திரும்பிப் பார்க்கும்போது நாற்காலி காலி.

அடுத்து வரும் வழக்கில், மரண தண்டனைக்குக் காத்திருக்கும் லூதர் லீ பாக்ஸ் என்ற கொலைகாரன், கடத்தப்பட்ட இளம் ஜோடியைப் பற்றி ஆவிகள் தனக்குச் சொல்வதாகச் சொல்கிறான். பாக்ஸாக பிராட் டூரிஃப் நடித்திருக்கும் விதத்தைப் பார்த்தால் முதுகுத்தண்டு சில்லிடும். இங்கே மல்டர்தான் நம்ப மறுக்கிறார். தன்னுடைய பழைய டி-ஷர்ட்டில் ஒரு துண்டைக் கிழித்து, வழக்கில் கிடைத்த துணி என்று கொடுத்து அவனைச் சோதிக்கிறார். அவன் அதைப் பிடித்துக்கொண்டு கண் செருகிப் பேசத் தொடங்க, பொய் வெளுத்துவிடுகிறது. ஆனால் ஸ்கல்லி எழுந்து போகும் நேரத்தில் அவன், ஸ்கல்லியுடைய அப்பாவின் இறுதிச் சடங்கில் ஒலித்த பாட்டை முணுமுணுக்கிறான், அப்பா மட்டுமே கூப்பிடும் செல்லப் பெயரைச் சொல்கிறான். சந்தேகமே தொழிலாகக் கொண்ட ஒரு பெண்ணை இதைவிட வலிக்கிற இடத்தில் தொட முடியுமா?

அந்த எபிசோடின் முடிவுதான் எனக்குத் தொடரின் உச்சம். தண்டனை நிறைவேறும் இரவில் வந்தால் அப்பாவின் செய்தியைச் சொல்கிறேன் என்கிறான் பாக்ஸ். ஸ்கல்லி போகவில்லை. அந்த வழக்கில் குண்டடி பட்டுக் கிடக்கும் மல்டரின் படுக்கை அருகே உட்கார்ந்துகொண்டு, அவன் இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொண்டிருக்கலாம் என்று ஒவ்வொன்றாக விளக்கம் தேடுகிறார். இவ்வளவு பார்த்த பிறகும் ஏன் நம்ப முடியவில்லை என்று மல்டர் கேட்கும்போது, நம்பப் பயமாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறார். அப்பா என்ன சொல்ல நினைத்தார் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா என்றால், தனக்கு ஏற்கெனவே தெரியும், அவர் தன் அப்பா என்கிறார். ஆவி உண்டா இல்லையா என்பதற்கு அங்கே பதிலே இல்லை. ஒரு குறையும் தெரியவில்லை பாருங்கள்!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தச் சந்தேகம் ஒரே ஆளிடம் தேங்கி நிற்கவில்லை. மூன்றாம் சீசனின் ‘ரெவலேஷன்ஸ்’ எபிசோடில் கைகளில் இயேசுவின் திருக்காயங்கள் தோன்றும் சிறுவனை ஸ்கல்லி நம்புகிறார். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் நம்பும் மல்டர், மதம் என்று வந்ததும் உதட்டைப் பிதுக்குகிறார். வின்ஸ் கில்லிகன் எழுதிய ‘பேட் பிளட்’டில் ஒரே வழக்கை இருவரும் தனித்தனியாகச் சொல்கிறார்கள். ஸ்கல்லி சொல்லும்போது அந்த ஊர் ஷெரிஃப் அழகன். மல்டர் சொல்லும்போது அதே ஆளுக்குப் பல் எடுப்பாக இருக்கிறது. சிரித்து மாளாது. கண்ணால் கண்ட சாட்சி என்றால் என்ன என்பதை அந்தப் பல் ஒன்றே சொல்லிவிடுகிறது.

சரி, சறுக்கல் எங்கே? வேற்றுக்கிரகவாசிகளோடு ரகசிய ஒப்பந்தம், கறுப்பு எண்ணெய், தேனீக்கள், சதிகளை மறைவிலிருந்து நடத்தும் சிகரெட் பிடிக்கும் மனிதர் என்று நீண்ட அந்தப் பெருங்கதையில்தான். அது தொடக்கத்தில் நன்றாகவே இருந்தது. ஸ்கல்லியாக நடித்த ஜில்லியன் ஆண்டர்சன் கர்ப்பமானதால் இரண்டாம் சீசனில் ஸ்கல்லியைக் கடத்தப்பட வைத்தார்கள். நெருக்கடிக்காகச் செய்த அந்த ஏற்பாட்டிலிருந்துதான் அவருடைய புற்றுநோய், குழந்தையின்மை என்று தொடரின் கனமான பகுதிகள் முளைத்தன. 1997இல் ஆண்டர்சன் அமெரிக்க டிவி உலகின் எம்மி விருது வாங்கினார். முழுத் தகுதி உண்டு.

ஆனால் வெற்றி பெற்ற தொடரை முடிக்க யாருக்கு மனசு வரும்? முதல் திரைப்படத்தை 1997 கோடையிலேயே எடுத்து முடித்து, 1998இல்தான் வெளியிட்டார்கள். இடையில் வந்த ஐந்தாம் சீசன், ஏற்கெனவே எடுத்துவைத்த படத்தோடு போய்ச் சேர வேண்டிய கட்டாயம். இப்படிக் கதை தன் போக்கில் போகாமல் வியாபாரத்தின் போக்கில் போகத் தொடங்கியது. அதில் முதல் அடி ஸ்கல்லிக்கு. இத்தனையும் தன் உடம்பிலேயே நடந்த பிறகும் ஒவ்வொரு வாரமும் அவர் வந்து ‘அறிவியல்படி சாத்தியமில்லை’ என்றால், பார்க்கிறவர்களுக்கு அவர் பிடிவாதக்காரராகத் தெரியாமல் என்ன செய்வார்? எழுத்தாளர்கள் செய்த தப்புக்கு ஸ்கல்லி பழி சுமந்தார்.

இதனால்தான் எட்டாம் சீசனை நான் விட்டுக்கொடுப்பதில்லை. மல்டராக நடித்த டேவிட் டுகோவ்னி பெரும்பாலும் இல்லை என்பதற்காகவே பலர் அதை ஒதுக்குகிறார்கள். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. மல்டர் காணாமல் போனதும் ராபர்ட் பாட்ரிக் நடித்த டாகெட் வருகிறார். முன்னாள் போலீஸ்காரர், கண்ணெதிரே இருப்பதை மட்டும் ஏற்பவர். கீழ்த்தள அறையில் மல்டர் செய்வது போலவே ஸ்லைடு போட்டு, ஸ்கல்லி அவருக்கு ஒரு வழக்கை விளக்கும் காட்சி உண்டு. அந்த நாற்காலிக்கு இன்னும் பழகாத ஒருவருடைய தயக்கம் ஆண்டர்சனின் முகத்தில் ஓடும். சந்தேகப்படும் வேலை டாகெட்டுக்குப் போய்விட்டது, நம்பும் சுமை ஸ்கல்லிக்கு வந்துவிட்டது. ஏழு வருஷக் கதைக்கு இதைவிட நியாயமான திருப்பம் எனக்குத் தோன்றவில்லை.

2016, 2018 சீசன்களைப் பற்றி நினைத்தால் இன்றும் கோபம்தான் வருகிறது. உலகமே கொள்ளைநோயில் சாகிற மாதிரி, ஸ்கல்லியின் தலைக்கு மேல் விண்கலம் நிற்கிற மாதிரி 2016இல் முடித்தார்கள். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் காத்திருந்தோம். 2018 ஜனவரியில் அதெல்லாம் ஸ்கல்லி கண்ட வருங்காலக் காட்சி என்றார்கள். ரசிகனின் பொறுமையைச் சோதித்ததைக்கூட மன்னிப்பேன். அதே எபிசோடில், ஸ்கல்லியின் குழந்தை வில்லியம் பிறந்ததற்கே சிகரெட் மனிதர்தான் காரணம், அதுவும் ஸ்கல்லிக்குத் தெரியாமலே நடந்தது என்று எழுதினார்களே, அதை மன்னிக்க முடியாது. இருபத்தைந்து வருஷமாக ஆதாரம் கேட்ட ஒரு பெண்ணை, தன் உடம்பைப் பற்றிய உண்மைகூடத் தெரியாதவராக ஆக்கிவிட்டார்கள்.

இயக்குநர் ரையன் கூக்ளர் இதைப் புதிதாக எடுக்கப் போகிறார் என்று 2023இல் கார்ட்டரே சொன்னார். வரட்டும், முதல் நாளே பார்ப்பேன். ஒரே ஒரு கோரிக்கைதான். சந்தேகப்படுகிறவருக்கு அவ்வப்போது ஜெயிக்கவும் இடம் கொடுங்கள். நம்புகிறவர் ஒவ்வொரு வாரமும் ஜெயித்தால் அங்கே மர்மம் ஏது?

இப்போதுதான் பார்க்கத் தொடங்குகிறீர்கள் என்றால் முதல் சீசனில் ‘ஸ்க்வீஸ்’, ‘ஐஸ்’, ‘பியாண்ட் த ஸீ’ மூன்றையும் பாருங்கள். அப்புறம் மூன்றாம் சீசனில் டாரின் மார்கன் எழுதிய ‘க்ளைட் ப்ரக்மன்ஸ் ஃபைனல் ரிபோஸ்’. மற்றவர்கள் எப்படிச் சாவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும் ஒரு இன்ஷூரன்ஸ் விற்பனையாளரின் கதை. அந்த வேடத்தில் நடித்த பீட்டர் பாயல் அதற்காக எம்மி வாங்கினார், மார்கனும் வாங்கினார். பெருங்கதை எபிசோடுகளை ஆறாம் சீசனின் ‘ஒன் சன்’ வரைக்கும் தொடருங்கள். எட்டாம் சீசனையும் தவறவிடாதீர்கள். பார்த்துவிட்டு டாகெட் பக்கமா, மல்டர் பக்கமா என்று கமெண்டில் சொல்லுங்கள், பேசுவோம்.