சேதாரம் எவ்வளவு, செய்கூலி எவ்வளவு?

போன ஞாயிற்றுக்கிழமை செல்லூரிலிருந்து சித்தப்பா ஒரு மஞ்சப்பையோடு வந்தார். உள்ளே, பஸ் டிப்போ வேலையில் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் போன வருஷம் ஒரு வங்கி மூலம் எடுத்த யூலிப் பாலிசி, அதாவது ஆயுள் காப்பீடும் சந்தை முதலீடும் சேர்ந்தது; கட்டும் பணத்துக்கு யூனிட் கொடுப்பார்கள். வருஷத்துக்கு 2 லட்சம், ஐந்து வருஷம் கட்ட வேண்டும். "யூனிட் ஏன்ப்பா மாசாமாசம் குறையுது? நான் ஒத்தப் பைசா எடுக்கலையே" என்றார்.

குறையத்தான் செய்யும். ஆயுள் காப்பீட்டுக் கட்டணத்தையும் நிர்வாகக் கட்டணத்தையும் யூனிட்டைக் கழித்துத்தான் எடுத்துக்கொள்வார்கள். அறுபது வயதுக்காரருக்கு அந்தக் காப்பீட்டுக் கட்டணம் இளவட்டங்களுக்கு ஆவதைப் போலப் பல மடங்கு. (பிள்ளைகளையெல்லாம் கரையேற்றிவிட்ட மனிதருக்கு அந்தக் காப்பீடு எதற்கு என்பது தனிக் கதை.) இது போக நிதி மேலாண்மைக் கட்டணம், வருஷத்துக்கு 1.35 சதவீதம் வரை. அது என்ஏவி என்கிற யூனிட் விலையிலேயே கழிந்துவிடும், கண்ணில் படாது.

மறைத்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியவில்லை. பையைக் கிளறினால் கட்டண அட்டவணை இருந்தது. வருஷவாரியாக, ரூபாயில், பொடி எழுத்து ஆங்கிலத்தில். சித்தப்பா அதைப் பார்த்ததே இல்லை. வங்கியில் அந்தப் பையன் டேப்லெட்டை வைத்துக்கொண்டு "ஓடிபி மட்டும் சொல்லுங்க சார்" என்றிருக்கிறான், இவரும் சொல்லிவிட்டார். தபாலில் வந்த காகிதத்தைப் பத்திரமாக பீரோவில் வைத்துப் பூட்டினார். பிடிக்காவிட்டால் பாலிசியைத் திருப்பிக் கொடுக்க இருந்த 30 நாளும் பீரோவுக்குள்ளேயே கழிந்தது.

மியூச்சுவல் ஃபண்டும் பெரிய யோக்கியம் இல்லை. கமிஷன் இல்லாத டைரக்ட் திட்டம் 2013 ஜனவரியிலேயே வந்துவிட்டது. விற்பவருக்குப் போன கமிஷனை அரையாண்டு அறிக்கையில் ரூபாயிலேயே காட்ட வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி போட்ட விதி 2016 அக்டோபரிலிருந்து இருக்கிறது. ஆனால் அந்த அறிக்கை வருவது மெயிலில், பான் எண்ணைப் போட்டால்தான் திறக்கும். எத்தனை பேர் திறந்திருப்பார்கள்? நானே இந்த வாரம்தான் திறந்தேன்.

"கட்டணம் ஒரு சதவீதம்தானே சார்" என்பார்கள். 10 லட்சம் ரூபாய் 20 வருஷம் 10 சதவீதத்தில் வளர்ந்தால் 67 லட்சம். அந்த ஒன்று கழிந்து 9 சதவீதத்தில் 56 லட்சம். போட்ட முதலுக்கு மேலேயே போய்விடுகிறது அந்த ஒரு சதவீதம்.

ஜனங்களுக்குச் சொன்னாலும் புரியாது என்று சிலர் வாதாடுகிறார்கள். எங்கள் சித்தியை மதுரையில் நகைக்கடைகள் இருக்கும் தெற்காவணி மூல வீதிக்குக் கூட்டிப்போய்ப் பாருங்கள். ஒரு ஜோடித் தோட்டுக்குச் சேதாரம் எத்தனை, செய்கூலி எத்தனை என்று கேட்டு, அரை சதவீதம் குறைக்க ஒரு மணி நேரம் உட்காருவார். பில்லில் தனித்தனியாக வருவதால் கேட்கிறார், அவ்வளவுதான்.

எனவே ஓடிபி கேட்பதற்கு முன்னால் ஒரே ஒரு தாள் கொடுக்கட்டும். தமிழில், பெரிய எழுத்தில். முதல் வருஷம் எவ்வளவு கழியும், முதிர்வு வரை மொத்தம் எவ்வளவு, விற்பவருக்கு எவ்வளவு. மூன்றும் ரூபாயில். சதவீதம் வேண்டுமானால் கீழே போட்டுக்கொள்ளட்டும்.

சித்தப்பாவுக்கு அடுத்த தவணை ஆடியில் வருகிறது. கட்டாமல் விட்டுவிடலாமா என்றார். அதற்கும் ஒரு கட்டணம் உண்டு, ஐந்து வருஷம் முடியாமல் மீதிப் பணமும் கைக்கு வராது என்றேன். அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டு, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.