பார்ட் டூ பாக்கலாமா வேணாமா

எந்த சூப்பர் ஹீரோ படத்துக்கு ரெண்டாம் பாகம் வந்தாலும் மக்கள் கேக்குற கேள்வி, வில்லன் யாரு, சண்டை முத பாகத்த விட பெருசா இருக்கா, எண்ட் கிரெடிட்ஸ்ல என்ன வருது. இத வச்சு ஒரு படம் டிக்கெட் காசுக்கு வொர்த்தான்னு முடிவே பண்ண முடியாது. நான் பாக்குறது ஒன்னே ஒன்னுதான், முத பாகத்துல அந்த ஆளுக்கு கிடைச்ச பவருக்கு இந்த பாகத்துல அவன் என்ன விலை குடுக்குறான்? விலையே இல்லன்னா அது முத படத்தையே திருப்பி காட்டுற மாதிரிதான், கிராபிக்ஸ் மட்டும் கூடியிருக்கும்.

இதுக்கு நான் எப்பவும் சொல்ற படம் 2004ல வந்த ஸ்பைடர்மேன் 2. சாம் ரைமி படம். ஆரம்பமே பாருங்க, ஸ்பைடர்மேனா ஊரையே காப்பாத்துற பீட்டர் பீட்சா டெலிவரிக்கு லேட்டா போயி வேலைய இழக்குறான், காலேஜ்ல புரொபசர் திட்டுறாரு, ரூமுக்கு வந்தா ஹவுஸ் ஓனர் வாடகை கேட்டு நிக்கிறாரு. பெரியம்மா மே வீடே கைய விட்டு போற நிலைமையில இருக்காங்க, அப்பவும் இவன் பொறந்தநாளுக்கு 20 டாலர எடுத்து நீட்டுறாங்க, இவன் வேணாங்குறான், உடனே அந்தம்மா பொங்கி அழுது வாங்கிக்கோன்னு கத்திட்டு அப்புறம் அவங்களே சாரி கேக்குறாங்க. வில்லன் இன்னும் வில்லனாவே ஆகல, அதுக்குள்ள எனக்கு இவன் மேல அவ்ளோ கவலை வந்துருச்சு!

அப்புறம் அந்த டைனிங் டேபிள் சீன். பெரியப்பா பென் செத்ததுக்கு நான்தான் காரணம், அவர கொன்ன திருடன அன்னைக்கே புடிச்சிருக்கலாம், விட்டுட்டேன்னு பீட்டர் உண்மைய சொல்றான். மே எதுவும் திட்டல. அவன் கைக்குள்ள இருந்த தன் கைய மட்டும் மெதுவா உருவிட்டு எந்திரிச்சு மாடிக்கு போயிடுறாங்க. மேயா நடிச்ச ரோஸ்மேரி ஹாரிஸ் அந்த கைய எடுக்குறது ஒரு செகண்ட்தான் இருக்கும், அதுல வர்ற வலி எந்த பில்டிங் இடிஞ்சு விழுந்தாலும் வராதுங்க.

இவ்ளோ கஷ்டத்த நாம பாத்துட்டதாலதான் அந்த டிரெயின் சீன் அப்படி வேலை செய்யுது. முகமூடி இல்லாம, ரெண்டு பக்க பில்டிங்லயும் வலைய ஒட்டி, மொத்த டிரெயினையும் உடம்பால நிறுத்திட்டு மயங்கி சாயுறான், ஜனங்க அவன தலைக்கு மேல தூக்கி கைமாத்தி உள்ள கொண்டு போயி படுக்க வைக்கிறாங்க, முகத்த பாத்தா சின்ன பையன். வெறும் ஸ்டண்ட்டா மட்டும் பாத்தா அதுல பாதி கூட ஏறாது. (விஷுவல் எபெக்ட்ஸுக்கு ஆஸ்கர் வாங்குன படம்தான் இது, அதையும் சொல்லிடுறேன்.)

2007ல வந்த மூணாவது பாகத்துல சாண்ட்மேன், வெனம், ஹாரின்னு மூணு வில்லன்கள ஒரே படத்துல அடைச்சாங்க, ஒருத்தர் கதைக்கும் மூச்சு விட நேரமில்ல. ஆனா அதுல சாண்ட்மேன் மணல்லருந்து எந்திரிக்க பாக்குற சீன் இருக்கே, மக போட்டோ இருக்குற லாக்கெட்ட எடுக்க போயி கை உதிர்ந்து உதிர்ந்து விழும், அது அபாரம். அந்த அப்பா கதைய மட்டும் எடுத்திருந்தா படம் வேற லெவல்ல நின்னிருக்கும்ங்கறது என் நம்பிக்கை. 2010 அயர்ன் மேன் 2 எனக்கு ஒட்டவே இல்ல, ஹீரோ டோனி உடம்புல விஷம் ஏறுதுன்னு நல்ல விஷயத்த ஆரம்பிச்சுட்டு பாதி படத்த பின்னாடி வந்த அவெஞ்சர்ஸ் படத்துக்கு அடித்தளம் போடுறதுலயே செலவு பண்ணிட்டாங்க. அடுத்த படத்துக்கு விளம்பரம் பாக்க நாம ஏன் காசு குடுக்கணும்?

முத பாகம் பாக்காம ரெண்டாவது புரியுமான்னு கேப்பீங்க, ஸ்பைடர்மேன் 2ல டைட்டில் ஓடும்போதே காமிக்ஸ் ஓவியர் அலெக்ஸ் ராஸ் வரைஞ்ச படங்கள்ல முன்கதை மொத்தமும் வந்துரும், தைரியமா உக்காருங்க. குட்டி பசங்களோட பாக்குறவங்க மட்டும் அந்த ஆபரேஷன் தியேட்டர் சீன் வர்றப்போ பக்கத்துல இருங்க. வில்லன் டாக்டர் ஆக்டோபஸோட இரும்புக் கைங்க முழிச்சு எந்திரிக்கும், பின்னணி இசையே கிடையாது, ரைமி பேய்ப்படம் எடுத்த ஆளுங்கறது அங்க நல்லாவே தெரியும்.