சோபா வாங்கும்போது அதன் காலை அளந்து பாருங்கள்

வீடு பெருக்கும் ரோபோ வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "உங்கள் வீட்டு சோபாவுக்கும் கட்டிலுக்கும் அடியில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது?" என்பதுதான். எந்தக் கம்பெனி, என்ன விலை என்பதெல்லாம் அப்புறம். தூசி அடைவது நடுக்கூடத்தில் இல்லை. குனிந்தாலும் துடைப்பம் எட்டாத இடங்களில்தான். முட்டிவலியோடு பெருக்குகிற நம் அம்மாக்களுக்கு அது நன்றாகத் தெரியும். மெஷின் அங்கே நுழையவில்லை என்றால் வாங்கியும் பிரயோஜனமில்லை.

2002-ல் ரூம்பா என்ற வீடு பெருக்கும் ரோபோ வந்த புதிதில் அது முட்டி மோதித்தான் வழி கண்டுபிடிக்கும். இப்போது பலவற்றின் தலையில் லேசர் குமிழ் ஒன்று சுழன்றுகொண்டே வீட்டை அளந்து வரைபடம் போட்டுவிடுகிறது. ஆனால் அந்தக் குமிழோடு சேர்த்தால் உயரம் பத்து சென்டிமீட்டரை ஒட்டி வந்துவிடும். ஆகவே சோபாவுக்கு அடியில் பதினொன்று, பன்னிரண்டு சென்டிமீட்டராவது வேண்டும். இல்லையா, தரையோடு தரையாக மூடியிருக்கட்டும். இரண்டுங்கெட்டான் உயரம்தான் ஆகாது. பாதி நுழைந்து, சிக்கிக்கொண்டு, கத்திக்கொண்டு கிடக்கும். ஆசாரியிடம் செய்யக் கொடுப்பவர்கள் கால் நாலரை அங்குலம் என்று சொல்லிவிடுங்கள். தாத்தா காலத்துத் தேக்குக் கட்டில் இருந்தால் கவலையே இல்லை. டிரங்குப் பெட்டியே உள்ளே போகிற உயரம் அது.

சாப்பாட்டு மேசை நாற்காலிகளில் நான்கு கால் நாற்காலி பரவாயில்லை. தரையில் படிந்து கிடக்கும் வளைகம்பி நாற்காலி என்றால் மெஷின் கம்பிமேல் ஏறி நின்றுவிடும். அதை மேசைமேல் கவிழ்த்துவிடுவதுதான் வழி. திரைச்சீலை தரைக்கு மேல் நான்கு விரல்கடை நிற்கட்டும்.

பெரிய தொல்லை கால்மிதிதான். குளியலறை வாசலில் கிடக்கும் மெல்லிய துணி மிதியின் ஓரத்தை பிரஷ் கவ்வி இழுக்கும். நூல் பிரிந்து உருளையில் சுற்றிக்கொள்ளும். அப்புறம் கத்தரிக்கோலோடு உட்கார வேண்டியதுதான். அடியில் ரப்பர் ஒட்டிய கனமான மிதிக்கு மாறிவிடுங்கள். வழுக்காத மிதி வயசானவர்களுக்கும் நல்லது.

இவ்வளவு சொன்னாலும், மெஷினுக்காக எதையும் நகர்த்தலாம் என்று நான் சொல்லமாட்டேன். இராத்திரி எழுந்து இருட்டில் கை நீட்டினால் பாட்டிக்குத் தட்டுப்பட வேண்டிய ஸ்டூல் அங்கேயேதான் இருக்க வேண்டும். மத்தியானம் அம்மா தலைசாய்க்கும் பாய்க்கும் அதே நியாயம்தான். பூஜை அறைக் கோலத்தை அழித்துவிடுமே என்றால், மெஷினோடு வரும் கைபேசிச் செயலியிலேயே அந்த இடத்தைச் சுற்றிக் கட்டம் போட்டுத் தடுத்துவிடலாம். இன்னொன்று, மெஷினை ஓட விடுவதற்கு முன் தரையில் கிடப்பதைப் பொறுக்கும் வேலை மறுபடி வீட்டுப் பெண்கள் தலையில் விழக்கூடாது. அவரவர் சார்ஜர் வயரை அவரவர் சுருட்டட்டும்.

புதிதாக வீடு கட்டுகிறவர்கள் எஞ்சினியரிடம் இப்போதே பேசிவிடுங்கள். அறைக்கு அறை வைக்கும் வாசற்படியின் உயரம் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால் பல மெஷின்கள் ஏறுவதில்லை. வாசலில் கறுப்புக் கிரானைட் பட்டை போட்டால், சில மெஷின்களின் அடியில் இருக்கும் சென்சார் அதைப் பள்ளம் என்று நினைத்துத் திரும்பிவிடும். வெளிர் நிறக் கல்லாக, தளத்தோடு சமமாகப் பதிக்கச் சொல்லுங்கள். நாளைக்கு வீட்டில் யாருக்காவது சக்கர நாற்காலி தேவைப்பட்டால், அதுவும் அந்த வாசலில் தடையில்லாமல் போகும்.