'போல' இல்லையென்றால் உருவகம் ஆகிவிடாது

அண்ணா, “'போல' வந்தால் உவமை, வராவிட்டால் உருவகம், பிள்ளைகளுக்கு இது போதும்” என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இது போதாது, தப்பாகவும் போகும். கேரளத்தில் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி 'மதிமுகம்' என்பதை உருவகம் என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருந்தாள். கேட்டால், “'போல' இல்லையே டீச்சர்” என்கிறாள். இதே விதிதான்.

மதிமுகம் உவமைத்தொகை. மதி போன்ற முகம். 'போன்ற' மறைந்து நிற்கிறது. அதையே முகமதி என்று திருப்பிப் போட்டால் முகமாகிய மதி. முகமே நிலவாகிவிட்டது, அதுதான் உருவகம். பார்க்க வேண்டியது எந்தச் சொல் முன்னால் நிற்கிறது என்பதை. ஒப்பாகச் சொல்லும் சொல் (இங்கே மதி) முன்னால் வந்தால் உவமைத்தொகை, பின்னால் போனால் உருவகம். நோட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வைத்தேன், உடனே பிடித்துக்கொண்டாள்.

முழு வாக்கியத்திலும் 'போல' இல்லாததை மட்டும் வைத்து உருவகம் என்று சொல்ல முடியாது. 'அகர முதல எழுத்தெல்லாம்' குறளில் 'போல' எங்கே இருக்கிறது? ஆனால் அது எடுத்துக்காட்டு உவமையணி: எழுத்துக்கு அகரம் முதல், உலகுக்கு ஆதி பகவன் முதல் என்று உவமையும் பொருளும் தனித்தனியாக நிற்கின்றன, நடுவில் 'அதுபோல' மறைந்திருக்கிறது. 'பிறவிப் பெருங்கடல்' உருவகம், பிறவியாகிய கடல். தயவுசெய்து அந்த வரியைத் திருத்திவிடுங்கள் அண்ணா, பரீட்சை நேரத்தில் பிள்ளைகள் பார்த்து எழுதுகிறார்கள்.