ஃபர்ஸ்ட் பிரஸ்ஸிங் மோகம் பத்தி கொஞ்சம் பேசணும்

ஜாஸ் ரெக்கார்டு சேர்க்கறவங்க நாலு பேரு சேர்ந்தா எப்பவும் ஒரே பேச்சுதான். ஒரிஜினல் பிரஸ்ஸிங்கா (முதல் தடவை அடிச்ச தட்டு) ரீஇஷ்யூவா (பின்னாடி மறுபடி அடிச்சது), மோனோவா ஸ்டீரியோவா, அனலாகா டிஜிட்டலா. எனக்கும் இந்தப் பேச்சு ரொம்பப் புடிக்கும், விடிய விடிய பேசச் சொன்னாலும் பேசுவேன். ஆனா இதுல ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு. முதல்ல வந்த தட்டுலதான் உண்மையான இசை இருக்கு, அதுக்கப்புறம் வந்ததெல்லாம் ஒரு படி கீழன்னு கேள்வியே கேக்காம எல்லாரும் ஏத்துக்கிட்டாங்க. புதுசா கேக்க ஆரம்பிக்கற பசங்ககிட்டயும் அதையே சொல்லி அனுப்பறாங்க, அந்தப் பசங்களும் சம்பளத்துல பெரும்பங்கைக் கொண்டுபோய் ஒரே ஒரு பழைய எல்பில போடறாங்க. இது தப்புன்னு நான் உறுதியா நெனைக்கறேன்.

மைல்ஸ் டேவிஸோட கைண்ட் ஆஃப் ப்ளூ ஆல்பத்தையே எடுத்துக்கங்க. வீட்டுல ஒரே ஒரு ஜாஸ் தட்டு இருந்தா அது பெரும்பாலும் இதாத்தான் இருக்கும். 1959ல மார்ச் 2, ஏப்ரல் 22ன்னு ரெண்டு நாள், நியூயார்க் 30ஆவது தெருவுல சர்ச்சா இருந்த கட்டடத்துல கொலம்பியா கம்பெனி ஸ்டுடியோ வெச்சிருந்தாங்க, அங்க பதிவு பண்ணது. ட்ரம்பெட் மைல்ஸ் டேவிஸ், சாக்ஸ் ஜான் கோல்ட்ரேனும் கேனன்பால் ஆடர்லியும், பியானோ பில் எவன்ஸ், ஒரு பாட்டுக்கு மட்டும் பியானோல விண்டன் கெல்லி, பேஸ் பால் சேம்பர்ஸ், டிரம்ஸ் ஜிம்மி காப். இதுல மார்ச் 2ஆம் தேதி ஓடின மெயின் டேப் மெஷின் கொஞ்சம் மெதுவா ஓடியிருக்கு. மெதுவா ஓடற மெஷின்ல பதிஞ்சதை சரியான வேகத்துல ஓட்டினா சுருதி ஏறிடும் இல்லையா, அதேதான் ஆச்சு, முதல் பக்கத்துல இருக்கற மூணு பாட்டும் கிட்டத்தட்ட கால் டோன் ஏறி அப்படியே தட்டாகி உலகம் முழுக்கப் போயிடுச்சு. நம்ம கணக்குல சொன்னா ஷட்ஜத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் நடுவுல பாதி தூரம். அதே நாள் பக்கத்துல இன்னொரு மெஷின் சேஃப்டிக்காக ஓடிக்கிட்டிருந்துச்சு, அது சரியான வேகத்துலதான் ஓடியிருக்கு, ஆனா அந்த டேப்பை எடுத்து சரி பண்ணி வெளியிட்டது 1992லதான். வந்ததும் ஒரு கோல்டு சிடில.

எங்கிட்ட 70கள்ல அடிச்ச ஒரு அமெரிக்க பிரதி இருக்கு. அதுல முதல் பாட்டு ஸோ வாட் போட்டுட்டு, பேஸ் அந்த மெட்டை வாசிக்க ஆரம்பிக்கும்போது கீபோர்டுல டி நோட்டை அழுத்திப் பாருங்க, சேராது. டி ஷார்ப்பும் சேராது. ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ நிக்கும். வேகம் சரி பண்ணின மாஸ்டர்ல (மூலப் பதிவுல) இருந்து வந்த பிரதியைப் போட்டா டி கச்சிதமா போய் உக்காருது, அதோட மைல்ஸோட ட்ரம்பெட் ஒரு சின்ன அளவு கனமாவும் நிதானமாவும் கேக்குது. அந்த ரூம்ல அன்னைக்கு அவங்க வாசிச்ச சுருதி இதுதான். 33 வருஷமா இந்தத் தட்டு கூடவே வாசிச்சுப் பழகினவங்க எல்லாம் முதல் பக்கத்துக்கு வாத்தியத்தை ஏத்தி டியூன் பண்ணினாத்தான் உண்டு. ஆனா சந்தையில இன்னைக்கும் விலை போறது எது? 1959ல வந்த, நடுவுல ஒட்டின லேபிள்ல கண்ணு மாதிரி ஆறு சின்னம் போட்ட அந்த முதல் பிரதி. ஆரம்பத்துல அடிச்ச சில பிரதிகள்ல ரெண்டாம் பக்கத்து பாட்டுப் பேரு கூட இடம் மாறி அச்சாகியிருக்கும். அதை ஒரு பொருளா, வரலாறா ஆசைப்பட்டு வாங்கறவங்களை நான் குறையே சொல்லல, எனக்கும் அந்த ஆசை உண்டு. ஒலி அதுலதான் சரியா இருக்குன்னு சொல்றப்பதான் எனக்குக் கோவம் வருது.

ப்ளூ நோட்ங்கற ஜாஸ் ரெக்கார்டு கம்பெனி பக்கம் வாங்க. ஒரு தட்டைக் கையில எடுத்து டார்ச்சை சாய்ச்சு அடிச்சு, பாட்டு முடிஞ்சு லேபிள் தொடங்கறதுக்கு நடுவுல இருக்கற அந்த வழுவழு வளையத்தைப் பாருங்க. அங்க ஆர்விஜின்னு மூணு எழுத்து இருக்கும், சிலதுல வான் கெல்டர்னு முழுசா ஸ்டாம்ப் அடிச்சிருக்கும். ரூடி வான் கெல்டர், பகல்ல கண் பரிசோதனை பண்ற ஆப்டோமெட்ரிஸ்ட், நியூஜெர்சி ஹேக்கன்சாக்ல அப்பா அம்மா வீட்டு ஹால்ல மைக் வெச்சு பதிவு பண்ணினவர், 1959லதான் எங்கிள்வுட் கிளிஃப்ஸ்ல சொந்தமா ஸ்டுடியோ கட்டினார். பதிவு பண்ணினதோட நிக்காம லேக்கர், அதாவது தட்டு அடிக்கறதுக்கு மூலமா இருக்கற வட்டு, அதை வெட்டற வேலையையும் அவரே பண்ணுவார், அதுக்கான அடையாளம்தான் அந்த எழுத்து. அதே வளையத்துல காது மாதிரி வளைஞ்ச ஒரு சின்ன குறி இருந்தா அது பிளாஸ்டிலைட் ஃபேக்டரியில அடிச்ச தட்டு, எழுத்து பி, பாக்க காது மாதிரி இருக்கறதால எல்லாரும் காதுன்னே சொல்றாங்க. 1960கள் நடுவுல லிபர்ட்டி கம்பெனி ப்ளூ நோட்டை வாங்கினதும் காது போயிடுச்சு, விலையும் அதோட சரசரன்னு எறங்கிடும். ஆனா லிபர்ட்டி காலத்துல வந்த எத்தனையோ தட்டுல வான் கெல்டர் ஸ்டாம்ப் அப்படியே இருக்கு, அதாவது அவரே வெட்டின லேக்கர்ல இருந்து வந்ததுதான். காது இல்லைன்னு ஒதுக்கறவங்களைப் பாத்தா எனக்கு நெஜமாவே வருத்தமா இருக்கு, பணம் கம்மியா இருக்கற ஒருத்தருக்கு இதை விட நல்ல வழி வேற என்ன இருக்கு.

மோனோ, அதாவது எல்லா ஒலியும் ஒரே சேனல்ல வர்றது, அந்தச் சண்டையும் இப்படித்தான். ப்ளூ நோட் மோனோதான் சுத்தம், வான் கெல்டர் அதுக்குன்னு தனியா மிக்ஸ் பண்ணினார்னு அடிச்சு சொல்வாங்க. 1957, 58 வரைக்கும் தனி மோனோ டேப் ஓடினது உண்மை. 58 முடிஞ்ச பிறகு பெரும்பாலும் ரெண்டு டிராக் டேப்லதான் பதிவு, மோனோ தட்டு வெட்டறப்ப அந்த ரெண்டையும் சேர்த்து ஒண்ணாக்கிடுவார், அவ்வளவுதான். மோனோ கேக்க நல்லாருக்குன்னா தாராளமா கேளுங்க, ஆர்ட் பிளேக்கியோட டிரம்ஸ் நடுவுல நின்னு மூஞ்சில அடிக்கற மாதிரி வர்றது எனக்கும் ரொம்பப் புடிக்கும். காரணத்தை மட்டும் சரியா சொல்லுங்க.

அனலாக், அதாவது நடுவுல டிஜிட்டலா மாத்தாம டேப்ல இருந்து நேரா தட்டு வெட்டறது, அந்த விவகாரத்தைப் பத்தி நீட்ட விரும்பல. மொபைல் ஃபிடெலிட்டி கம்பெனி தன்னோட தட்டுகளைத் தயாரிக்கறதுல நடுவுல டிஜிட்டல் கட்டம் ஒண்ணு இருக்குன்னு 2022ல ஒத்துக்கிட்டாங்க. அதுவரைக்கும் அதே தட்டுகளைத்தான் அனலாகோட உச்சம்னு பல பேர் புகழ்ந்துக்கிட்டிருந்தாங்க. வாங்கறவங்ககிட்ட மறைச்சது தப்பு, அதுல எனக்கு ரெண்டு கருத்து இல்லை. டிஜிட்டல் கலந்ததைக் காதால கண்டுபிடிக்க முடியலைங்கறதும் அங்கயே தெரிஞ்சு போச்சு.

ஆனா எனக்கு முக்கியமான விஷயம் வேற. ஜாஸ்ல நமக்குக் கெடைச்ச பல பொக்கிஷம் நல்ல மெஷின்ல பதிவானதே இல்லை. 78 ஆர்பிஎம் தட்டுல ஒரு பக்கத்துக்கு சுமார் மூணு நிமிஷம்தான், கிளப்ல பத்து நிமிஷம் வாசிக்கறவங்க ஸ்டுடியோவுக்கு வந்தா மூணு நிமிஷத்துக்குள்ள முடிச்சாகணும். 1942 ஆகஸ்ட்ல இருந்து அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ரெக்கார்டிங்கையே நிறுத்திட்டாங்க, பீபாப்ங்கற புது ஜாஸ் பாணி உருவான அந்த நேரத்துல கம்பெனிகள் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. இந்தக் கம்பெனிக்காரங்க புடிக்காததைப் புடிச்சது ரசிகர்கள்தான். டீன் பெனடெட்டின்னு ஒரு சாக்ஸ் கலைஞர், பீபாப் சாக்ஸ் மேதை சார்லி பார்க்கர் மேல உயிரு, 1947 மார்ச்ல லாஸ் ஏஞ்சல்ஸ் ஹை-டி-ஹோ கிளப்புக்கு தட்டு வெட்டற மெஷினைத் தூக்கிட்டுப் போயிருக்கார். தட்டு வீணாகக் கூடாதுன்னு பார்க்கர் வாசிக்கறப்ப மட்டும் ஓட்டி மத்தவங்க சோலோ வந்ததும் நிறுத்திடுவார். 1990ல மொசைக் கம்பெனி அதை 7 சிடியா வெளியிட்டாங்க. கரகரன்னு இருக்கும், நடுவுல அறுந்து அறுந்து போகும், ஆனா ஒவ்வொரு ராத்திரியும் அந்த மனுஷன் ஒரே பாட்டுக்குள்ள எப்படிப் புதுசு புதுசா போறார்னு கேட்டா, ஒலித்தரம் பத்தின நெனப்பே வராது.

கோல்ட்ரேன் கதை இன்னும் நெருக்கமானது. 1963 மார்ச் 6, வான் கெல்டர் ஸ்டுடியோவுல தன் குழுவுல இருந்த மெக்காய் டைனர், ஜிம்மி கேரிசன், எல்வின் ஜோன்ஸோட ஒரு முழு செஷன் வாசிச்சார். மாஸ்டர் டேப் காணாமயே போயிடுச்சு. அன்னைக்கு வீட்டுல போட்டுக் கேக்கறதுக்குன்னு அவர் எடுத்துட்டுப் போன மோனோ டேப் மட்டும் முதல் மனைவி நைமாவோட குடும்பத்துல பத்திரமா இருந்திருக்கு, அதுல இருந்துதான் 2018ல போத் டைரக்ஷன்ஸ் அட் ஒன்ஸ்ங்கற ஆல்பம் வந்துச்சு. மாஸ்டர் டேப்ல இருந்து வெட்டினா மட்டுமே கேப்பேன்னு பிடிவாதம் பிடிக்கறவங்க இதை என்ன பண்ணுவாங்க?

அதனால புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். கைண்ட் ஆஃப் ப்ளூ வாங்கறதா இருந்தா முதல் பக்கம் வேகம் சரி பண்ணின மாஸ்டரான்னு மட்டும் கேட்டு வாங்குங்க, சிடியா இருந்தாலும் பரவாயில்லை. ப்ளூ நோட்ல பழசு வேணும்னா காதைத் தேடாதீங்க, வான் கெல்டர் ஸ்டாம்ப் இருக்கற லிபர்ட்டி பிரதியைத் தேடுங்க. மிச்சமாகற பணத்துல பெனடெட்டியோட பதிவுகளையும் அந்தக் கோல்ட்ரேன் செஷனையும் எந்த ஃபார்மட்ல கெடைச்சாலும் வாங்கிடுங்க.