பஞ்சருக்கும் அதிர்ஷ்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

சைக்கிள் பந்தயச் செய்திகளை வாசிக்கிறவர்களுக்கு இந்த வாக்கியம் மனப்பாடமாகவே ஆகியிருக்கும்: "முன்னணியில் இருந்த அவர், துரதிர்ஷ்டவசமாக டயர் பஞ்சராகிப் பின்தங்கினார்." யார் எழுதினாலும் இதே வாக்கியம்தான், வீரர் பெயர் மட்டும் மாறும். ரோடு பந்தயம் என்றாலாவது போகட்டும் என்று விடலாம், கண்ணாடிச் சில்லை எவன் போட்டுவிட்டுப் போனான் என்று யாருக்குத் தெரியும். மவுன்டன் பைக் பந்தயச் செய்தியில் இந்தத் 'துரதிர்ஷ்டவசமாக'வைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 பாரிஸ் ஒலிம்பிக், ஜூலை 29, எலான்கூர் குன்று. கெட்டித் தரையின் மேல் சரளை கொட்டிய பாதை, திருப்பத்தில் கொஞ்சம் அசந்தால் சக்கரம் வழுக்கும். டோக்கியோவில் தங்கம் வாங்கிய பிரிட்டன் வீரர் டாம் பிட்காக் முன்னால் போய்க்கொண்டிருக்கிறார், பாதிப் பந்தயம் ஆவதற்குள் டயரில் காற்று இறங்கிவிட்டது. சக்கரம் மாற்றிக் கிளம்புவதற்குள் அரை நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. கிராஸ் கன்ட்ரி என்கிற, ஏற்றமும் இறக்கமுமாகச் சுற்றுச் சுற்றாக ஓட்டுகிற இந்தப் பந்தயத்தில் அரை நிமிடம் என்பது சாதாரண விஷயமில்லை. ஆனால் மனிதர் ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டே வந்து, கடைசிச் சுற்றில் பிரான்ஸின் விக்டர் கொரெட்ஸ்கியோடு ஒட்டிக்கொண்டு, ஒரு மரத்துக்கு அந்தப் பக்கம் அவர் போக இந்தப் பக்கம் இவர் புகுந்து, உரசுகிற மாதிரி வெளியே வந்து தங்கம் அடித்தார். உள்ளூர்க் கூட்டம் கூச்சல் போட்டு எதிர்ப்புக் காட்டியது. அந்தக் கடைசிச் சுற்றை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

மறுநாள் செய்திகளில் வீரம், மனஉறுதி, போராட்டம் எல்லாம் இருந்தன. நான் வாசித்தவற்றில் பெரும்பாலானவை அந்தப் பஞ்சரை வானத்திலிருந்து விழுந்த கல் மாதிரிதான் எழுதியிருந்தன. என்ன டயர், எவ்வளவு காற்று, எந்த இடத்தில் எந்தக் கோட்டில், அதாவது பாதைக்குள் எந்தத் தடத்தில், ஓட்டும்போது போனது என்பது பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது, ஏனென்றால் அங்கேதான் பாதிப் பந்தயம் இருக்கிறது.

காற்று விஷயம் ஓட்டாதவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். டயர் கல் மாதிரி இறுக்கமாக இருந்தால் வேகமாக ஓடும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம், வழுவழுப்பான தளத்தில் அது ஓரளவு சரியும்கூட. மலைப்பாதையில் கதை தலைகீழ். இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் வேரிலும் ஏறி, சைக்கிளையும் அதன் மேல் இருக்கிற ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடும், மேலே போகிற அந்தச் சக்தி முன்னால் போவதற்கு உதவாது. காற்றைக் குறைத்தால் டயர் கல்லைச் சுற்றி அமுங்கிக்கொடுக்கும், ஆள் அசையாமல் போவான், பிடிமானமும் கூடும். அதனால்தான் கிராஸ் கன்ட்ரி வீரர்கள் இருபது பிஎஸ்ஐ காற்றழுத்த அளவில் நின்று, அதற்கும் கீழே எவ்வளவு இறங்கலாம் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் கல் டயரை அமுக்கி நேராக ரிம்மில் போய் இடிக்கும். டியூப் இருந்த காலத்தில் இப்படி இடித்தால் டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும், அதற்குப் பாம்புக்கடி என்றே பெயர். டியூப்லெஸ் வந்த பிறகு அந்தப் பாம்பு செத்தது, ஆனால் டயரின் பக்கச்சுவர் கிழிவதும் ரிம் நெளிவதும் அப்படியே இருக்கின்றன. பக்கச்சுவர் தடிமனான டயர் போட்டால் கிழியாது, சரி, ஆனால் கனம் கூடும், ஏற்றத்தில் ஒவ்வொரு மிதியிலும் அந்தக் கனத்தை இழுக்க வேண்டும். உள்ளே நுரை வளையம் போட்டால் ரிம் பிழைக்கும், அதற்கும் கனம்.

ஆக, பந்தயத்துக்கு முந்தைய நாள் வீரரும் மெக்கானிக்கும் உட்கார்ந்து ஒரு பேரம் பேசுகிறார்கள். இவ்வளவு வேகம் வேண்டும், அதற்கு இவ்வளவு பஞ்சர் அபாயத்தை வாங்கிக்கொள்கிறோம் என்கிற பேரம். மறுநாள் பஞ்சரானால் அது வாங்கிக்கொண்ட அபாயம் கணக்குக் கேட்டு வந்தது, அவ்வளவுதான். அதைத் துரதிர்ஷ்டம் என்று எழுதினால் அந்தப் பேரத்தையே மறைத்துவிடுகிறோம், அதைச் சரியாகப் பேசி பஞ்சராகாமல் ஜெயித்தவனுடைய கெட்டிக்காரத்தனத்தையும் சேர்த்து மறைத்துவிடுகிறோம்.

2016 ரியோவில் பீட்டர் சாகன் வந்தது ஞாபகமிருக்கிறதா? ரோடு பந்தய உலகச் சாம்பியன், 2008-இல் ஜூனியர் மவுன்டன் பைக் உலகப் பட்டமும் வாங்கியவர். அந்தச் சீசனில் தரவரிசைப் புள்ளிகள் பெரிதாக இல்லாததால் பின்வரிசையில் நின்று கிளம்ப வேண்டிய நிலை. முதல் சுற்று முடிவதற்குள் முன்னணிக் கும்பலுக்குள் வந்துவிட்டார், பார்த்தவர்கள் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார்கள். அப்புறம் பஞ்சர், திரும்பவும் பஞ்சர், கடைசியில் 35-ஆவது இடம். உடனே எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. நல்ல கோடு என்பது ஓடி ஓடித் தேய்ந்த பாதை, அதில் ஏற்கெனவே ஆள் போய்க்கொண்டிருப்பான். அவனைத் தாண்ட வேண்டுமென்றால் ஓரத்துக்குத்தான் போக வேண்டும், யாரும் ஓட்டாத ஓரத்தில்தான் கூரான கல் கிடக்கும். அத்தனை பேரைத் தாண்டி வந்தவர் மற்றவர்களைவிடப் பல மடங்கு கூரான கல்லைச் சந்தித்திருப்பார். பின்வரிசையில் நின்றபோதே அந்தப் பஞ்சர் கிட்டத்தட்ட எழுதப்பட்டுவிட்டது என்பேன். இது என் ஊகம்தான், மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

2012 லண்டனில் ஜூலியன் அப்சலோன் கதை இன்னும் கொடுமை. 2004, 2008 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கியவர், மூன்றாவதுக்கு வந்து, ஆரம்பத்திலேயே டயர் போய், பந்தயத்தை விட்டே விலகினார். ரோடு பந்தயம் போலப் பின்னால் காரில் உதிரிச் சக்கரத்தோடு யாரும் வரமாட்டார்கள். குறித்த இடத்தில் மட்டும்தான் உதவி கிடைக்கும், அதுவரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டோ ரிம்மோடு உருட்டிக்கொண்டோ போய்ச் சேர வேண்டும். சைக்கிளையே மாற்றிக்கொள்ளவும் விதி இடம் கொடுக்காது. எனவே எந்த இடத்தில் பஞ்சராகிறது என்பதில் கொஞ்சம் அதிர்ஷ்டம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. உதவி இடத்துக்கு நூறு மீட்டர் முன்னால் ஆனால் பிழைத்தீர்கள், நூறு மீட்டர் தாண்டி ஆனால் அடுத்த உதவி இடம் வரைக்கும் தள்ளுவண்டிதான்.

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியனா என்றால், இல்லை. என் சொந்தக் கதை ஒன்று.

ஒரு நாள் காலை, நல்ல ஈரமண், ஓட்டுவதற்கு இதைவிட நல்ல மண் கிடையாது என்கிற மாதிரி. இறக்கத்தில் வேர் ஒன்றைத் தாண்டிக் குதித்து இறங்கினேன், பின்சக்கரத்திலிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம். டியூப்லெஸ்தானே, உள்ளே ஊற்றியிருக்கிற சீலண்ட் திரவம் ஓட்டையை அடைத்துக்கொள்ளும் என்று சக்கரத்தைச் சுற்றிவிட்டுக்கொண்டு நின்றேன். சத்தம் நிற்கவில்லை. ஓட்டை எங்கே என்று பார்த்தால் கடுகளவுதான், நகம்கூட நுழையாது. இந்த ஓட்டை அடைபடவில்லையா என்று எனக்கு ஆத்திரம். சீலண்ட் கம்பெனியைத் திட்டினேன், டயர்க்காரனைத் திட்டினேன், அந்த வேரையும் விடவில்லை. கூட வந்த அண்ணன் ஒருவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எதுவும் பேசாமல் தன் பையிலிருந்து பிளக் குச்சியை எடுத்து ஓட்டையில் குத்தி இழுத்துக் காற்று அடித்துக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில், "தம்பி, கடைசியா எப்போ சீலண்ட் ஊத்துன?" என்று கேட்டார்.

பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து டயரைக் கழற்றினால் உள்ளே திரவமே இல்லை. பாலாடை மாதிரிக் காய்ந்து, உரித்தால் தோலாக உரிந்து வருகிறது, நடுவில் சின்னச் சின்ன ரப்பர் உருண்டைகள். சீலண்ட் சில மாதத்தில் காய்ந்துபோகும் என்பது எனக்குத் தெரியாதா என்ன, நன்றாகத் தெரியும். அந்த ஓட்டை வேரில் விழுந்தது, ஆனால் பஞ்சர் பல மாதத்துக்கு முன்னால் என் சோம்பேறித்தனத்தில் விழுந்தது. அன்றைக்கும் நண்பர்கள் குழுவில் என்ன எழுதினேன் தெரியுமா? "இன்னைக்கு நேரம் சரியில்ல."

சரி, இந்த விளையாட்டின் ஆரம்பமே பழுதுதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1976 அக்டோபர் 21, கலிபோர்னியாவில் மரின் பகுதி. பழைய, கனமான, பலூன் டயர் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு ஒரு கூட்டம் மண்பாதையில் நேரத்தைக் குறித்து இறங்கிப் பந்தயம் விட்டது. அந்தப் பாதைக்குப் பெயர் ரீபேக். ஏன் அந்தப் பெயர்? அந்தச் சைக்கிள்களில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கிற பிரேக், பின்சக்கரத்தின் நடுவிலிருக்கிற ஹப்புக்குள்ளேயே இருக்கும். செங்குத்தான இறக்கத்தில் பிடித்துப் பிடித்துச் சூடேறி உள்ளே இருக்கிற கிரீஸ் புகைந்து போய்விடும், கீழே வந்ததும் ஹப்பைப் பிரித்துத் திரும்பக் கிரீஸ் அடைக்க வேண்டும். அந்த அடைக்கிற வேலையின் ஆங்கிலப் பெயர்தான் பந்தயத்தின் பெயராகிவிட்டது. பின்னாளில் மவுன்டன் பைக் முன்னோடிகள் என்று பேரெடுத்த ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி எல்லாரும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்தான். புகைந்துபோன கிரீஸைப் பார்த்து "நேரம் சரியில்ல" என்று அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. வேறு பிரேக், வேறு கியர் என்று மாற்றிக்கொண்டே போனார்கள், 1977-இல் ஜோ பிரீஸ் மலைக்கென்றே புதிதாக ஒரு ஃபிரேம் கட்டினார்.

டவுன்ஹில், அதாவது மலையிலிருந்து கீழே இறங்குகிற பந்தயத்தின் பக்கம் வந்தால் அமெரிக்க வீரர் ஆரோன் க்வின். ஆஸ்திரியாவின் லியோகாங்கில் 2014 உலகக் கோப்பைப் பந்தயம், மேலேயே டயர் போய்விட்டது, மனிதர் ரிம்மிலேயே இறங்கி வந்தார், பார்க்கிறவர்களுக்கு வயிறு கலங்கியது. அடுத்த வருடம் அதே ஊர், கிளம்பும் இடத்திலேயே செயின் அறுந்தது. பெடலே மிதிக்க முடியாது. முழுப் பாதையையும் உடம்பை அமுக்கி அமுக்கி, பிரேக்கை முடிந்தவரை தொடாமல் இறங்கி, அந்தப் பந்தயத்தை ஜெயித்தே விட்டார்! நான் இங்கே விசாரிக்க விரும்புவது அந்த வீரத்தைப் பற்றி அல்ல. செயின் இல்லாததால் அவருக்குப் பாதகம் மட்டும்தானா? பின்பக்க சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் இழுபட்டு பெடலை உதைக்கும், காலுக்குத் தெரியும். செயின் இல்லையென்றால் அந்த உதை இல்லை, பின்சக்கரம் கல் மேல் சுதந்திரமாக ஏறி இறங்கும். இந்த உதையைக் குறைப்பதற்கென்றே இப்போது ஓசெயின் போன்ற கருவியைக் காசு கொடுத்து மாட்டுகிறார்கள். "செயின் அறுந்தும் வென்றார்" என்று எழுதிவிட்டுப் போனவர்கள், "செயின் அறுந்ததில் என்ன கிடைத்தது" என்று கேட்டிருந்தால் எவ்வளவு நல்ல கட்டுரை வந்திருக்கும்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் நெதர்லாந்து வீரர் மத்தியூ வான் டெர் போல் விழுந்ததும் எனக்கு இதே வரிசைதான், பஞ்சர் இல்லையென்றாலும். முதல் சுற்றிலேயே ஒரு பாறையிலிருந்து முன்பக்கம் கவிழ்ந்து விழுந்தார். பயிற்சியின்போது அந்த இடத்தில் ஒரு பலகை இருந்தது, பந்தயத்தன்று எடுத்துவிடுவார்கள் என்பது தனக்குத் தெரியாது என்று அவரே சொன்னார். மற்றவர்கள் அதே பாறையிலிருந்து குதித்துப் போய்க்கொண்டிருந்தார்கள். உலகின் தலைசிறந்த கைகளில் ஒன்று, ஆனால் ஒரு தகவல் வந்து சேரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அவர் அணியில் யாராவது அதைச் சொல்லியிருக்க வேண்டாமா என்றுதான் இன்றும் தோன்றுகிறது.

இதெல்லாம் எழுதினால் "நீ சும்மா கணக்குப் பார்க்கிறாய், விளையாட்டில் உணர்ச்சி வேண்டாமா" என்று ஒருவர் கட்டாயம் வருவார். வாருங்கள். எனக்குக் கணக்குத் தெரிந்த பிறகுதான் உணர்ச்சியே கூடுகிறது. பிட்காக் சக்கரம் மாற்றிக் கிளம்பியபோது, ஏற்கெனவே ஒன்று போன அதே சரளையில் இன்னும் வேகமாக இறங்க வேண்டும், மறுபடியும் போனால் பதக்கமே கிடையாது, மெதுவாகப் போனாலும் கிடையாது. அந்த நிலையில் அவர் ஒவ்வொரு கல்லையும் எப்படிப் பார்த்திருப்பார் என்று நினைத்தால் எனக்குக் கை வியர்க்கிறது.

இன்னொன்று, எழுதுகிறவர்கள் கேட்க மாட்டேன் என்கிறார்கள் என்றால் ஓட்டுகிறவர்களும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். காற்றளவைக் கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள், ராணுவ ரகசியம் மாதிரி. அதில் நியாயமும் உண்டு. ஆனால் பந்தயம் முடிந்த பிறகாவது சொல்லலாம்.

காய்ந்த சீலண்டுக்குப் பிறகு நான் ஒரு டிஜிட்டல் அளவுமானி வாங்கினேன். பம்பில் இருக்கிற முள் இருபத்திரண்டு காட்டும்போது இது இருபது காட்டுகிறது. ரோடு டயரில் எண்பதுக்கு இரண்டு கூடினால் என்ன குறைந்தால் என்ன, இங்கே இரண்டு என்பது பத்தில் ஒரு பங்கு. எது சரி என்று அந்த அண்ணனிடம் கேட்டேன். அவர் டயரைக் கட்டைவிரலால் இரண்டு முறை அமுக்கிப் பார்த்துவிட்டு, "பின்னாடி கொஞ்சம் போடு" என்றார். எவ்வளவு என்று கேட்டால், "கொஞ்சம்."